நாயகனின் முகம் மாறும்போது

ஜேம்ஸ் பாண்டை அறியாத திரைப்பட இரசிகர்கள் மிகவும் குறைவு. 1962ஆம் ஆண்டு வெளிவந்த முதல் பாண்ட் படத்தில் ஷான் கானரி நடித்தார். 2021ஆம் ஆண்டு வரையிலான வரிசைப் படங்களில் மொத்தம் ஆறு நடிகர்கள் அப்பாத்திரத்தை ஏற்றிருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், ஒருவர் ஆஸ்திரேலியர், இன்னொருவர் அயர்லாந்துக்காரர். முகமும் குரலும் மாறின. ஆயினும், பாண்ட் பாண்டாகவே இருந்தார். டேனியல் கிரேய்க் தேர்வு செய்யப்பட்டபோது, அவருடைய தலைமுடி பொன்னிறமாக இருக்கிறதே என்றுகூடச் சிலர் குறைப்பட்டனர். 2006ஆம் ஆண்டு படம் வெளிவந்ததும் அந்தக் குரல்கள் அடங்கிப்போயின.

ஒரு பாத்திரம் நடிகரைவிட நீண்ட காலம் வாழும் என்பதை இது காட்டுகிறது. அப்படியானால், அந்தப் பாத்திரத்தை வேறோர் இனத்தவர் ஏற்கலாமா? ஆண் நடித்த வேடத்தில் பெண் நடிக்கலாமா? இக்கேள்விகள் இன்று ஹாலிவுட் திரையுலகில் பெரும் விவாதத்தை எழுப்பியுள்ளன.

முன்பு வெற்றி பெற்ற ஒரு கதையைப் புதிய நடிகர்களைக் கொண்டு முதலிலிருந்து மீண்டும் தொடங்குவதை ‘ரீபூட்’ என்பர். தமிழில் இதனை ‘மறுதொடக்கம்’ எனலாம். அதிரடிப் படங்களைத் தயாரிக்கப் பெரும்பணம் தேவை. மக்கள் கேள்விப்பட்டிராத கதையில் அவ்வளவு பணத்தை முதலீடு செய்யத் தயாரிப்பாளர்கள் தயங்குவார்கள். அறிமுகமான பெயர் என்றால், பழைய இரசிகர்கள் எப்படியும் வருவார்கள் என்று நம்பலாம். அதே வேளையில், அப்படியே பழைய படத்தைத் திருப்பிக் காட்டினால் இளையர்கள் வரமாட்டார்கள். எனவே, பழையதில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று யோசிக்கிறார்கள். முதன்மைப் பாத்திரத்தில் யாரை நடிக்க வைப்பது என்ற முடிவு அங்குதான் பிறக்கிறது.

இம்முடிவு ஏன் முக்கியமானது என்பதை அறிய, புரூஸ் லீயின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவர் 1940ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்தவர். 1966ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி கிரீன் ஹார்னெட்’ என்ற தொடரில் நடித்தார். அதில் அவருக்குக் கிடைத்தது நாயகனின் உதவியாளர் வேடம். முகமூடி அணிந்து, கார் ஓட்டி, நாயகனுக்காகச் சண்டையிடும் பாத்திரம் அது. அவருடைய வேகத்தைக் கண்டு மக்கள் வியந்தனர். எனினும், நாயகன் வேடம் அவருக்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

1972ஆம் ஆண்டு ‘குங் ஃபூ’ என்ற அமெரிக்கத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. சீனத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்த ஷாவ்லின் துறவி ஒருவர் அமெரிக்காவில் அலைந்து திரிவதே அதன் கதை. அவ்வேடத்திற்குப் புரூஸ் லீயின் பெயரும் பரிசீலிக்கப்பட்டது. ஆனால், வாய்ப்பு டேவிட் கேரடைன் என்ற வெள்ளையின நடிகருக்குச் சென்றது. ஆசியர் ஒருவரை நாயகனாக வைத்தால் அமெரிக்க மக்கள் ஏற்பார்களா என்ற அச்சமே அக்காலத்துத் தயாரிப்பாளர்களிடம் மேலோங்கியிருந்தது. தயாரிப்பாளர்கள் இதை ஒரு வணிக அபாயமாகக் கருதுகிறார்கள் என்று புரூஸ் லீயே 1971ஆம் ஆண்டு ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் கூறினார். ஹாங்காங் திரும்பிய அவர், அங்கு நடித்த படங்களால் புகழின் உச்சிக்குச் சென்றார். ஹாலிவுட் நிறுவனத்தோடு இணைந்து அவர் நாயகனாக நடித்த ‘என்டர் தி டிராகன்’ 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் வெளியானது. அதற்கு முந்தைய மாதமே அவர் காலமாகிவிட்டார்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2021ஆம் ஆண்டு, அதே ‘குங் ஃபூ’ மறுதொடக்கம் கண்டது. இம்முறை நாயகி ஓர் இளம்பெண். சீன அமெரிக்க நடிகையான ஒலிவியா லியாங் அவ்வேடத்தை ஏற்றார். கல்லூரிப் படிப்பைக் கைவிட்டுச் சீனாவில் தற்காப்புக் கலை பயின்ற அவள், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள தன் குடும்பத்திடம் திரும்புகிறாள். அவளுடைய பெற்றோர் உணவகம் நடத்துபவர்கள். பழைய தொடரின் நாயகன் தனியாக அலைபவன்; புதிய நாயகிக்கோ குடும்பமும் பொறுப்பும் உண்டு. நடிகர் மாறியதால் கதையும் மாறியது. அத்தொடர் மூன்று பருவங்கள் ஒளிபரப்பானது.

இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு ‘தி ஈக்குவலைசர்’. 1985ஆம் ஆண்டு தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில், பிரிட்டிஷ் நடிகர் எட்வர்ட் வுட்வர்ட், ராபர்ட் மெக்கால் என்ற முன்னாள் உளவாளியாக நடித்தார். தவிப்போருக்குத் துணை நிற்பதே மெக்காலின் பணி. 2014ஆம் ஆண்டு அது திரைப்படமானபோது, ஆப்பிரிக்க அமெரிக்க நடிகர் டென்சல் வாஷிங்டன் அவ்வேடத்தை ஏற்றார். 2021ஆம் ஆண்டு அது மீண்டும் தொடராக வந்தபோது, குவீன் லத்தீஃபா என்ற நடிகை நாயகியானார். ராபர்ட், ராபின் ஆனார். பதின்ம வயது மகளைத் தனியாக வளர்க்கும் தாய் அவள். ஆபத்தான தன் வேலையை மகளிடமிருந்து மறைக்க அவள் படும் பாடு, முந்தைய இருவரின் கதைகளிலும் இல்லாத ஒன்று. மூவரும் நிறத்தாலோ பாலினத்தாலோ ஒருவருக்கொருவர் வேறுபட்டவர்கள். ஆனால், வலியவரிடமிருந்து எளியவரைக் காக்க வேண்டும் என்ற கதையின் கரு மாறவே இல்லை.

இத்தகைய மாற்றம் வணிகத்துக்கு ஆகாது என்ற பழைய அச்சம் எப்போதும் மெய்யாவதில்லை. 1984ஆம் ஆண்டின் ‘தி கராத்தே கிட்’ 2010ஆம் ஆண்டு மறுபடியும் எடுக்கப்பட்டது. ஆப்பிரிக்க அமெரிக்கச் சிறுவனான ஜேடன் ஸ்மித்தும் ஹாங்காங் நடிகர் ஜாக்கி சானும் முதன்மை வேடங்களில் நடித்தனர். கதை பெய்ஜிங் நகருக்கு மாறியது. ஏறத்தாழ 40 மில்லியன் அமெரிக்க வெள்ளியில் தயாரான அப்படம் உலகெங்கும் 350 மில்லியனுக்கு மேல் ஈட்டியது. படத்தில் சிறுவன் கற்பது குங் ஃபூ. தலைப்பில் இருப்பதோ ஜப்பானியக் கலையான கராத்தே! இதைச் சிலர் குறையாகச் சுட்டிக்காட்டினர். அந்தக் குறை நடிகர்களின் நிறத்தைப் பற்றியதன்று. தலைப்புக்கும் கதைக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றியது.

எல்லா மறுதொடக்கங்களும் வெற்றி பெறுவதில்லை. 1984ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் பேய்களை விரட்டிய நால்வரும் ஆண்கள். 2016ஆம் ஆண்டுப் படத்தில் நால்வரும் பெண்கள். படம் வெளிவருவதற்கு முன்பே இணையத்தில் எதிர்ப்பு கிளம்பியது. நால்வருள் ஒருவரான லெஸ்லி ஜோன்ஸ் மீது நிறவெறிச் சொற்கள் வீசப்பட்டன. மனம் நொந்த அவர் சில நாள்கள் சமூக ஊடகத்தை விட்டு விலகினார். ஏறத்தாழ 144 மில்லியன் அமெரிக்க வெள்ளியில் எடுக்கப்பட்ட அப்படம் சுமார் 229 மில்லியன் வசூலித்தது. நுழைவுச்சீட்டுப் பணத்தில் திரையரங்குகளுக்கும் பங்கு உண்டு. விளம்பரச் செலவும் உண்டு. எனவே, அத்தொகை போதவில்லை.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்கள் நடித்த மறுதொடக்கம் ஒன்று தோல்வியுற்றால், திரைக்கதை சரியில்லை என்போம். இயக்கம் சரியில்லை என்போம். பெண்களோ சிறுபான்மை இனத்தவரோ நடித்த படம் தோற்றால், அவர்கள் நடித்ததே காரணம் என்று சிலர் உடனே முடிவு கட்டிவிடுகின்றனர். ஒரு படத்தின் சுமையை ஓர் இனமோ பாலினமோ முழுவதும் சுமக்க வேண்டியிருப்பது நியாயமா? அதற்காக, அப்படத்தை விரும்பாதவர் எல்லாரும் வெறுப்பாளர்கள் என்று சொல்வதும் தவறு. நகைச்சுவை பிடிக்காமல் போனவர்களும் அவர்களுள் இருக்கலாம். ஒரு படைப்பைக் குறை கூறுவது வேறு. நடிப்பவரின் பிறப்பை இழிவுபடுத்துவது வேறு.

மாற்றம் எதிர்த்திசையிலும் நிகழ்வதுண்டு. ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ ஜப்பானியச் சித்திரக்கதையாகத் தோன்றி, 1995ஆம் ஆண்டு உயிரோவியப் படமாகப் புகழ்பெற்றது. 2017ஆம் ஆண்டு ஹாலிவுட் அதனைப் படமாக்கியபோது, ஜப்பானிய நாயகியின் வேடத்தை ஸ்கார்லெட் ஜோஹான்சன் ஏற்றார். ஆசிய நடிகர்களுக்கு ஏற்கெனவே வாய்ப்புகள் குறைவு. கிடைக்கக்கூடிய வாய்ப்பையும் பறிக்கலாமா எனப் பலர் கேட்டனர். ஆனால், 1995ஆம் ஆண்டுப் படத்தின் இயக்குநரான மமோரு ஓஷீ இத்தேர்வைக் குறை கூறவில்லை. நாயகியின் உடலே இயந்திர உடல்தான் என்பது அவர் வாதம். ஒரே செய்தியை ஜப்பானில் வாழ்பவர் ஒரு விதமாகவும், அமெரிக்காவில் சிறுபான்மையினராக வாழ்பவர் வேறு விதமாகவும் பார்ப்பது இயல்பே. ஜப்பானியத் திரையுலகில் நாயகர்கள் பெரும்பாலும் ஜப்பானியர்தாமே!

பழைய வேடங்களை மாற்றுவதைவிடப் புதிய பாத்திரங்களைப் படைப்பதே சிறந்தது என்போரும் உள்ளனர். பாண்ட் படங்களின் தயாரிப்பாளராக இருந்த பார்பரா புரோக்கலி, பாண்ட் எந்த நிறத்தவராகவும் இருக்கலாம். ஆனால், அவர் ஆண்தான் என்றார். பெண்களுக்கு வலிமையான புதிய பாத்திரங்களை எழுத வேண்டும் என்பது அவர் கருத்து. இவ்வழியில் வெற்றி கண்டவன் மைல்ஸ் மொராலெஸ். 2011ஆம் ஆண்டு சித்திரக்கதையில் அறிமுகமான இவன், ஆப்பிரிக்க அமெரிக்கத் தந்தைக்கும் புவெர்ட்டோ ரிக்கோ வம்சாவளித் தாய்க்கும் பிறந்தவன். பழைய ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் நிறத்தை மாற்றாமல், அதே உடையை இன்னொரு சிறுவனுக்கு அணிவித்தார்கள் எழுத்தாளர்கள். இவனை நாயகனாகக் கொண்டு 2018ஆம் ஆண்டு வெளிவந்த உயிரோவியப் படம் ஆஸ்கார் விருதை வென்றது.

ஆயினும், புதிய பாத்திரங்களுக்கு யார் பணம் போடுவார் என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது. புகழ்பெற்ற பெயர்களுக்கே பெருந்தொகை ஒதுக்கப்படும் காலத்தில், அப்பெயர்களின் கதவு சிலருக்கு மட்டுமே திறந்திருந்தால், மற்றவர்கள் வெளியிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

கதவு திறந்தால் என்ன நிகழும் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு. மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிச்செல் யோ, ஹாங்காங் அதிரடிப் படங்களில் புகழ்பெற்றவர். ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ படத்தை எழுதத் தொடங்கியபோது, இயக்குநர்கள் ஜாக்கி சானையே நாயகனாக மனத்தில் வைத்திருந்தனர். பின்னர் எண்ணத்தை மாற்றி, சலவை நிலையம் நடத்தும் ஒரு தாயைக் கதையின் மையமாக்கினர். அது மறுதொடக்கப் படமன்று. ஆயினும், ஆணுக்காக எண்ணிய வேடம் பெண்ணிடம் சென்றபோது அப்படத்திற்குத் தாய் மகள் உறவு என்ற உயிர்நாடி கிடைத்தது. 2023ஆம் ஆண்டு, தமது அறுபதாவது வயதில், மிச்செல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் மலேசியர் அவரே.

எனவே, பழைய நாயகனுக்குப் புதிய முகம் வரும்போது, “இவர் ஏன் இந்த வேடத்தில்?” என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. கதையின் கரு காக்கப்பட்டிருக்கிறதா? புதிய நடிகரின் வாழ்வும் பண்பாடும் கதைக்கு ஏதேனும் சேர்த்திருக்கின்றனவா? அல்லது பெயரளவுக்குத்தான் முகம் மாற்றப்பட்டதா? இவற்றை எண்ணிப் பார்த்துப் படத்தை மதிப்பிடுவதே நல்ல இரசனை. புரூஸ் லீக்கு மறுக்கப்பட்டது திறமைக்கான பாராட்டன்று. அதனைக் காட்டுவதற்கான வாய்ப்பு. படம் நன்றாக இல்லையென்றால் தாராளமாகச் சொல்லலாம். ஆனால், அதைப் படம் பார்த்த பிறகு சொல்வோமே!