செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் எந்த மாதம் எந்தப் படம்? வெயிலும் மழையும் போடும் கணக்கு!

'சீசனுக்கு ஏற்ற மாதிரி சுவர்ப் படத்தை மாத்துங்க, வீடே புதுசா தெரியும்' என்ற டிப்ஸ் ரீல்ஸில் அடிக்கடி கண்ணில் படுகிறது. அக்டோபருக்கு உதிரும் மேப்பிள் இலை, டிசம்பருக்குப் பனி மூடிய மலை. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் காரைக்குடியில் அக்டோபர் என்றால் இலை உதிர்காலம் இல்லைங்க, அடைமழைக்காலம்.

அதற்காக யோசனையே தப்பு என்று தள்ளிவிட வேண்டாம். சொல்லப்போனால் நம்ம ஊருக்குத்தான் இது ரொம்பத் தேவை. ஒரே ஆணியில் வருஷக்கணக்காகத் தொங்கும் படத்தை ஒரு பக்கம் வெயில் வெளுக்க வைக்கும், இன்னொரு பக்கம் ஈரம் பூஞ்சை பிடிக்க வைக்கும். படத்தை இடம் மாற்றுவது அழகுக்கு மட்டும் இல்லை, அதைக் காப்பாற்றவும்தான். எப்படி என்று செட்டிநாட்டு வீடுகளை வைத்தே பார்க்கலாம், வாங்க.

சுவரில் என்ன இருக்கிறது?

19-ம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1940-கள் வரை நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் இவை. பர்மா தேக்கு, ஆத்தங்குடி கல், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த வழுவழு சுவர் எல்லாம் உங்களுக்கே தெரியும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பிடித்தன.

ஆனால் அந்தச் சுவரில் தொங்குவதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தஞ்சாவூர் ஓவியம், பெரியவர்களின் போட்டோ, ரவிவர்மா படங்கள். ரவிவர்மா 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சுப் படங்களாகச் சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். செட்டிநாட்டில் அதற்கும் ஒரு படி மேலே போய், அச்சுப் படத்தின் மேல் துணி, ஜரிகை, ஜிகினா, மணி எல்லாம் ஒட்டி, தெய்வத்துக்குச் சேலையே கட்டிவிட்டார்கள். காகிதம், துணி, பசை, உலோகம் என நாலும் ஒரே சட்டத்துக்குள். நாலுமே ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஆகாதவை.

வெயில் இடம் மாறும், தெரியுமா?

காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை கொஞ்சம் வடக்கே தள்ளியே இருக்கும். மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். அப்போது தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் ஆழமாக நுழையும்.

அதாவது, வைகாசியில் நிழலாக இருந்த சுவர் மார்கழி, தையில் நேர் வெயிலில் இருக்கலாம். ஆனி, ஆடியில் வடக்கு ஜன்னல் வழியாகக் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் வரும். உங்கள் வீட்டில் எங்கே விழுகிறது என்று காலை, மதியம், மாலை மூன்று வேளை போனில் போட்டோ எடுத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை எடுத்தால் போதும், ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டுக் கணக்கு கைக்கு வந்துவிடும்.

அருங்காட்சியகங்களில் காகிதம், துணி சார்ந்த படங்களுக்குப் பொதுவாக 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள். உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ் வரை போகும். ஒருமுறை வெளுத்த நிறம் திரும்ப வராது. எனவே நேர் வெயில் படும் சுவருக்குப் பித்தளைத் தட்டு, மரச் சிற்பம், ஓலைக் கொட்டான் போன்றவற்றை மாட்டுங்கள். கொட்டானின் சாயமும் வெளுக்கும்தான், ஆனால் புதிதாக ஒன்று முடைந்து வாங்க முடியும். தாத்தாவின் போட்டோவை அப்படி வாங்க முடியாது.

ஐப்பசிக்கு முன்னால் செய்ய வேண்டியது

தமிழ் படித்த பழக்கத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நமக்குப் பருவம் நான்கு இல்லை, ஆறு. அதில் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்தான் படங்களுக்கு எமன். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. காற்றில் ஈரப்பதம் 65-70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை கிளம்பும். தஞ்சாவூர் ஓவியம் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து மேடு எழுப்பி, தங்கத் தகடு ஒட்டிச் செய்வது. ஈரத்தில் பலகை உப்பும், வெயிலில் சுருங்கும். இப்படி மாறி மாறி நடந்தால் தங்க வேலைப்பாடு விரிசல் விட்டு எழும்பிவிடும்.

பூட்டிய வீடுகளில்தான் ஆபத்து அதிகம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் வந்து திறக்கும் வீடுகள் செட்டிநாட்டில் ஏராளம். மழைக்காலம் முழுக்கக் காற்றே புகாத அறையில் படம் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதனால் புரட்டாசியிலேயே வெளிச்சுவர்ப் படங்களைக் கழற்றி உள்சுவருக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள். சட்டத்தின் பின்பக்கம் கீழ் மூலை இரண்டிலும் சின்ன கார்க் துண்டை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். பழைய வீடுகளில் படத்தை உயரத்தில் முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்களே, அதிலும் பின்னால் இடைவெளி கிடைக்கிறது.

ஒவ்வொரு சீசனுக்கும் புது ஆணி அடிக்காதீர்கள், ப்ளீஸ். அந்த முட்டைப் பூச்சு பெயர்ந்தால் அதே வழுவழுப்பில் ஒட்டுப்போடத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருக்கிற ஆணியில், இருக்கிற மரச்சட்டத்தில் மாற்றி மாற்றி மாட்டுங்கள்.

கழற்றியதை எங்கே வைப்பது?

பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே சிக்கும். செய்தித்தாளும் வேண்டாம், அதன் அமிலம் காகிதத்தை மஞ்சளாக்கும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். துணி கஞ்சி போடாததாக இருக்கட்டும், கஞ்சி வாசம் பட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. தரையில் படாமல் பலகை மேல் நிமிர்த்தி வைக்க வேண்டும், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. கண்ணாடியைத் துடைக்கும்போது தண்ணீரைப் படத்தின் மேல் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். நேராகத் தெளித்தால் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

ஜப்பானியர்களுக்கு இது வீட்டு வழக்கம். தொகோனோமா என்ற சுவர் மாடத்தில் ஒரே ஒரு சுருள் ஓவியம். பருவம் மாறினால் அதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு வேறொன்று. சுவரில் கூட்டமும் இல்லை, எந்த ஓவியமும் வருஷம் முழுக்க வெளிச்சத்தில் நிற்பதும் இல்லை. நம்ம வீட்டில் அதற்கு நாள் குறிப்பதும் சுலபம். பொங்கலுக்கு நடுவீட்டுக் கோலம் போடும்போது ஒன்று, நவராத்திரிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

மாற்றி மாட்டக் கூடுதலாக ஒரு படம் வேண்டும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. 'பழைய ரவிவர்மா அச்சு' என்று காட்டினால் போன் கேமராவை நன்றாக ஜூம் செய்து பாருங்கள். வரிசையாக ஒரே ஒழுங்கில் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் பிரதி. பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவியது போல இருக்கும்.

பாட்டி வீட்டுப் படத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம். 100 ஆண்டு பழமையான ஓவியம், கலைப்பொருள் எதையும் தனிநபர் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. படம் அவ்வளவு பழையது இல்லை என்றால், ஏர்போர்ட்டுக்குப் போகும் முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்.