நந்து ஏன் கொல்கிறான்?

மனநலக் காப்பகத்துக்கு மேஜர் விஜய் வந்திருக்கிறான். கூடவே, அவன் கட்டிக்கொள்ளப்போகும் தேஜஸ்வினி. எதிரே மொட்டைத் தலையும் பருத்த உடலுமாக அவனுடைய இரட்டைப் பிறவி நந்து. கல்யாணச் செய்தியைச் சொல்லத்தான் விஜய் வந்தான். ஆனால் நந்துவின் கண்ணுக்குத் தெரிபவள் தேஜஸ்வினி இல்லை. சின்ன வயதில் தன்னை வதைத்த சித்தி ஜெயந்தி. அவளிடமிருந்து உடன்பிறந்தவனைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்று அவன் மனசு முடிவு கட்டிவிடுகிறது.

2001 நவம்பரில் வெளியான 'ஆளவந்தான்' படத்தில் சிந்தும் ரத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பாசம்தான்.

நல்லவன், கெட்டவன் என்ற இரட்டையர் கதை தமிழ் ரசிகர்களுக்குப் பழகியதுதான். 1940இல் பி.யு.சின்னப்பாவும் 1958இல் சிவாஜி கணேசனும் நடித்த 'உத்தம புத்திரன்' படங்கள் அந்த வகை. 1999இல் வந்த 'வாலி'யில், தம்பி மனைவி மேல் ஆசைப்படும் அண்ணனாகவும் அந்தத் தம்பியாகவும் அஜித் மிரட்டினார். இந்தக் கெட்டவர்களைக் கண்டு நாம் பயப்படுவோம், வெறுப்போம். நந்துவை வெறுக்க முடிவதில்லை. அவன் கண் வழியாகவே உலகத்தைக் காட்டி, நம்மை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறது படம்.

1980களில் பத்திரிகைத் தொடராகக் கமல்ஹாசன் எழுதிய 'தாயம்' கதைதான் படமானது. இயக்கம் சுரேஷ் கிருஷ்ணா. தயாரிப்பு கலைப்புலி எஸ்.தாணு. தாயை இழந்த இரட்டையரில் விஜய் மாமாவிடம் வளர்ந்து கமாண்டோ ஆகிறான். அப்பா வீட்டிலேயே தங்கிவிட்ட நந்து, சித்தியின் கொடுமை தாங்காமல் அவளைக் கொன்றுவிட்டுக் காப்பகத்துக்குப் போகிறான். வீடு மாறியதில் விதி மாறியது.

நடிகை மனீஷா கொய்ராலா வரும் பகுதியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கொலை நெருங்கும்போது நிஜ மனிதர்கள் மறைந்து, திரை கார்ட்டூனாக மாறுகிறது. நந்துவுக்கு நிஜம் எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்தச் சில நிமிடங்கள் நமக்கும் தெரியாது. வன்முறையை மறைப்பதற்கான உத்தி என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஒரு நோயாளியின் மூளைக்குள் நுழைய, 2001இல் தமிழ் சினிமா கண்டுபிடித்த அருமையான வாசல் அது. சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருதும் படத்துக்குக் கிடைத்தது. வசூலில் மட்டும் ஏமாற்றம்தான்.

நந்துவைப் பீடித்திருப்பது மனச்சிதைவு நோய். மரபணுவில் ஏறக்குறைய அச்சு அசலாக இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால், மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. பாதிப் பேராவது தப்பித்துவிடுகிறார்கள் என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. பரம்பரையோடு வளரும் சூழலும் சேர்ந்துதான் நோயைத் தீர்மானிக்கிறது. இந்த இடத்தில் கதை மருத்துவத்தோடு ஒத்துப்போகிறது.

சறுக்குவது இன்னொரு இடத்தில். மனச்சிதைவு என்றாலே கொலைவெறி என்ற பயத்தைப் படம் ஊட்டிவிடுகிறது. நிஜத்தில் இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. மற்றவர்களிடம் அடிபடுகிறவர்களே அவர்களில் அதிகம். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' போன்ற அமைப்புகள், மருந்தும் மறுவாழ்வுப் பயிற்சியும் கொடுத்து இவர்களை வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்ப அனுப்பிவருகின்றன. நந்துவுக்கு அப்படி ஒரு கை கிடைத்திருக்கலாம். திரைக்கதை அவனுக்குக் கொடுத்தது கம்பிக் கதவு மட்டுமே.