838 டெராஃப்ளாப்ஸ்: யாருக்கு, எதற்கு?

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டர் திறக்கப்பட்டபோது பலர் கண்ணிலும் பட்ட எண்கள் இரண்டு. செலவு 19 கோடி ரூபாய். வேகம் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். 2015-ல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் நிறுவிய கருவிகளில் இதுவும் ஒன்று. 2019-ல் வாரணாசியில் ‘பரம் சிவாய்’ வந்தது. 2022-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் (ஆயிரம் டெரா ஒரு பெட்டா) வேகத்தில் ‘பரம் பிரவேகா’ வந்தது.

இந்த வேகக் கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஜப்பானின் ‘ஃபுகாகு’ லின்பேக் சோதனையில் 442 பெட்டாஃப்ளாப்ஸ் காட்டி உலகின் முதலிடத்தில் இருந்தது. விஞ்ஞானிகளின் அன்றாடக் கணக்குகளுக்கு நெருக்கமான எச்.பி.சி.ஜி. சோதனையில் அதே கருவி எட்டியது 16 பெட்டாஃப்ளாப்ஸ். நூற்றில் நான்கு பங்குகூட இல்லை! அப்படியும் அப்போது அந்தப் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான் கிடைத்தது.

காரணம், நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும்வரை பிராசஸர் சும்மா காத்திருக்கிறது. அதனால் ஒரு பல்கலைக்கழகம் தனக்கு எத்தனை டெராஃப்ளாப்ஸ் வேண்டும் என்று தொடங்கினாலே கணக்கு தப்பாகிவிடும். வானிலை மாதிரி ஓட்டுகிறவருக்கு நோடுகளுக்கு, அதாவது கருவிக்குள் இருக்கும் தனித்தனிக் கணினிகளுக்கு, இடையிலான இணைப்பு வேகமாக இருக்க வேண்டும். மரபணுத் துண்டுகளை ஒட்டிச் சேர்க்கிறவர் கேட்பது நினைவகம், 192 ஜி.பி. உள்ள சாதாரண நோடில் முடங்கும் வேலை, 768 ஜி.பி. நோடில் தடையின்றி ஓடலாம். செயற்கை நுண்ணறிவு ஆட்களுக்கு ஜி.பி.யு. வேண்டும். பணம் கட்டி வாங்கும் பொறியியல் மென்பொருளை நம்பியிருப்பவருக்கோ லைசென்ஸ்தான் எல்லை. பிராசஸருக்குள் கணக்குப் போடும் அலகுகளான கோர்கள் காலியாகக் கிடந்தாலும் லைசென்ஸ் தீர்ந்துபோனால் வேலை ஓடாது.

தேவையை அறிய வழக்கமாகத் துறைகளுக்கு ஒரு படிவம் போகும்: ‘உங்களுக்கு எத்தனை கோர் வேண்டும்?’ கேட்டால் யார் குறைத்து எழுதுவார்கள்? படிவத்தைவிட நம்பத்தக்க சாட்சி ஸ்லர்ம் போன்ற வேலைப் பங்கீட்டு மென்பொருளிடம் இருக்கிறது. யார் எத்தனை கோர் கேட்டார், எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார், உண்மையில் எவ்வளவு பயன்படுத்தினார் என எல்லாம் அதில் பதிவாகும். அந்தப் பதிவைத் திறந்தால் சங்கடமான வரிகளும் கண்ணில் படும். ஒரு மாணவர் 48 கோர்களை 72 மணி நேரத்துக்குக் கேட்டிருப்பார். அவருடைய நிரல் ஒரே கோரில்தான் ஓடியிருக்கும். 48 இலை போடச் சொல்லிவிட்டு ஒருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டது போல. வெளியே வரிசை நிற்கிறது. உள்ளே 47 இலைகள் காலி.

48 கோரையும் உண்மையாகவே பயன்படுத்தினாலும் வேகம் 48 மடங்கு ஆகிவிடாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்தால் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டார். நிரலில் ஐந்து சதவீதம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும் என்றால், 48 கோரில் கிடைப்பது சுமார் 14 மடங்கு வேகம். எத்தனை ஆயிரம் கோர் சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. இப்படிப்பட்ட நிரலை வைத்துக்கொண்டு புதிய கருவி கேட்பவரிடம், முதலில் நிரலைத் திருத்திக்கொண்டு வரச் சொல்வதுதான் நியாயம்.

சேமிப்பகத்தைப் பற்றி யாரும் முதலில் பேசுவதில்லை. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேட்டால் பேசத் தோன்றும். காப்புப் பிரதி எடுக்கும் ஏற்பாட்டில் பழைய லாக் கோப்புகளை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பைப் போட்டார்கள். பாதியில் புதிய வரிகளைப் படிக்கத் தொடங்கிய ஸ்கிரிப்ட், எந்தக் கோப்புறை என்ற விவரம் வெறுமையாக இருந்ததால், லாக் கோப்புகளை விட்டுவிட்டு ஆய்வாளர்களின் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. 77 டெராபைட், ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள். பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. அழித்தது, காப்புப் பிரதி எடுப்பதற்காகவே இருந்த ஏற்பாடு!

அடுத்தது மின்சாரம். இடைவிடாமல் 100 கிலோவாட் இழுக்கும் கருவி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 8,76,000 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றாலும் 70 லட்சம் ரூபாய், குளிரூட்டும் செலவு தனி. கருவி வாங்கத் திட்டப் பணம் வரும். கரன்ட் பில்லுக்கு யார் தருவார்கள்?

இத்தனைக்கும் நடுவே, பேராசிரியர்கள் தத்தம் ஆய்வுத் திட்டப் பணத்தில் ஆளுக்கொரு சர்வர் வாங்கித் துறை அறைகளில் வைத்துக்கொள்வதும் நடக்கிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. பேராசிரியர்கள் பணத்தைப் பொதுவில் போடுவார்கள்; பல்கலைக்கழகமே வாங்கிப் பராமரிக்கும்; ஒருவரின் பங்கு சும்மா இருக்கும்போது மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். அங்கே 2008 மே மாதம் ‘ஸ்டீல்’ என்ற கிளஸ்டரை இருநூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஒரே நாளில் பொருத்தி முடித்தார்கள். நம் ஊரில் கொள்முதல் ஒப்புதல் கோப்பு நகரவே அதைவிட அதிக நாள் பிடிக்கும் என்பது வேறு கதை.

பட்டியலில் விட்டுப்போகும் இன்னொரு வளம் ஆட்கள். தேசியத் திட்டம் கரக்பூர், சென்னை, கோவா, பாலக்காடு ஐ.ஐ.டி.களில் பயிற்சி மையங்களை அமைத்தது நல்ல காரியம். ஆனால் பயிற்சி பெற்றவரை உட்கார வைக்கப் பதவி வேண்டுமே. பிரிட்டனில் 2012 வாக்கில் ‘ஆய்வு மென்பொருள் பொறியாளர்’ என்ற பெயரில் இவர்களுக்கென ஓர் இயக்கமே தொடங்கியது. இன்று அங்கே பல பல்கலைக்கழகங்களில் தனிக் குழுவே இருக்கிறது. இங்கே பல துறைகளில் அந்த வேலையைப் பார்ப்பது மூத்த ஆய்வு மாணவர் ஒருவர். கம்பைலர் பதிப்பு, பாஸ்வேர்டு, எந்த நோடு அடிக்கடி மக்கர் செய்யும் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுக் கிளம்பினால், அடுத்து வருகிறவர் முதல் ஆறு மாதம் கிளஸ்டரைப் புரிந்துகொள்வதிலேயே கழிக்க வேண்டியிருக்கும்.