மலையடிவாரமும் மரபணுச் சட்டமும்

அலிபிரிப் படியில் கால் வைத்துத் திருமலைக்கு ஏறும் யாத்ரீகர்களுள், தாம் உடுத்திய பருத்தி வேஷ்டியின் நூல், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின், புழுவைக் கொல்லும் நஞ்சைத் தரும் மரபணுவை ஏற்ற பி.டி. செடியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று சிந்தித்தவர் எத்தனை பேர்? இந்தியாவின் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அவ்விதையே விளைகிறது. நம் உழவர் கைக்கு அனுமதியோடு வந்துள்ள மரபணு மாற்றுப் பயிரும் அது ஒன்றே.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1989 டிசம்பர் 5 அன்று பிரகடனமான விதிகள், இவ்வாறு மரபணு மாற்றிய உயிரினத்தைப் படைப்பது முதல் வயலில் விடுவது வரை ஒவ்வொரு படிக்கும் அனுமதியை நிபந்தனையாக்கி, டெல்லியில் ஒரு மதிப்பீட்டுக் குழுவையும், மாநிலத்தில் ஓர் ஒருங்கிணைப்புக் குழுவையும், மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் வேளாண்மை அதிகாரியும் தலைமை மருத்துவ அதிகாரியும் அடங்கிய குழுவையும் வகுத்தன. ஆகவே மாவட்டக் குழுவை நடத்தும் பொறுப்பு சித்தூர் கலெக்டருக்கும் உண்டு; அலிபிரி அடங்கிய, 2022 ஏப்ரலில் உதயமான திருப்பதி மாவட்டத்தின் கலெக்டருக்கும் உண்டு.

மேலிடம் கண்டிப்புக் காட்டியதில்லை என்று சொல்வதற்கில்லை. 2002 மார்ச்சில் அனுமதி பெற்ற மூன்று ‘மெக்’ பி.டி. பருத்தி ரகங்களும் ஆந்திரத்தில் சரிவர விளையாதது கண்டு, 2005 மே மாதத்தில் அம்மாநிலத்துக்கு அவற்றின் அனுமதியைப் புதுப்பிக்க டெல்லிக் குழு மறுத்துவிட்டது. ஆனால், 450 கிராம் பி.டி. விதையோடு தனிப் பையில் வந்த 120 கிராம் சாதாரண விதையை வயலோரத்தில் விதைத்து, நஞ்சை எதிர்க்கும் புழு பெருகாதபடி மற்றப் புழுவுக்குப் புகலிடம் விடவேண்டும் என்ற நிபந்தனையைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. ஏன் விதைக்கவில்லை என்று கேட்பாருமில்லை. அந்த அலட்சியமும் துணைசெய்ய, பி.டி. நஞ்சுக்கு அசையாத இளஞ்சிவப்புக் காய்ப்புழு பெருகிற்று.

பிறகு அனுமதியே பெறாத, களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி, ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய மாநிலங்களில் பரவியிருப்பது 2017இல் பகிரங்கமாயிற்று. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை: இலைத்துண்டு ஒன்றைச் சிறு குழாயில் கரைசலோடு கசக்கிச் சோதனைப் பட்டையை அமிழ்த்தினால், சில நிமிஷங்களில் கோடு விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். சோதனை இத்தனை சுலபமாயிருந்தும் ரசீதில்லா விதை கைமாறுகிறதென்றால், சட்டம் டெல்லியில் விழித்திருந்து மாவட்டத்தில் உறங்குகிறது என்பதே பொருள்.

ஒவ்வொரு காரிப் பருவத்துக்கும் முன்னதாகக் கலெக்டர்கள் மாவட்டக் குழுவைக் கூட்டி, விதைக்கடைகளைச் சோதித்து, முடிவை ஜனங்கள் அறியப் பிரசுரிக்கவேண்டும். உழவர்களும் ரசீதும் முத்திரைச் சீட்டும் இல்லாத விதையை, எவ்வளவு மலிவானாலும், வாங்க மறுக்கவேண்டும்.