குறட்டையும் உறக்க மூச்சுத்தடையும்

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை குறுகுகிறது. அவ்வழியே காற்று செல்கையில் மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்வதால் எழும் ஒலியே குறட்டை ஆகும். சளி பிடித்த நாளிலோ மல்லாந்து படுக்கும்போதோ யாருக்கும் இது வரலாம். ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்று பலர் கருதுவதும், கும்பகர்ணன் என்று கேலி செய்து விட்டுவிடுவதும்தான் சிக்கல்.

உரத்த குறட்டை திடீரென நின்று, சற்று நேர அமைதிக்குப் பின் திணறலுடன் மீண்டும் தொடங்கினால், அந்த அமைதியில் மூச்சுப்பாதை அடைபட்டிருக்கக்கூடும். மூச்சு 10 வினாடி அல்லது அதற்கு மேல் தடைபடுவதை மருத்துவத்தில் கணக்கில் கொள்கின்றனர். மணிக்கு 30 முறைக்கு மேல் என்றால் நோய் கடுமையானது. ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் ஆக்சிசன் குறைகிறது. மூளை உறங்குபவரை அரைகுறையாக எழுப்புகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. காலையில் அவருக்கு எதுவும் நினைவிராது. அருகில் படுத்திருப்பவரே சாட்சி.

'டிஸ்கோ டான்சர்' படத்தின் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் காலமானபோது, இந்நோயையே மருத்துவர்கள் காரணமாகக் கூறினர்.

உயர் இரத்த அழுத்தம், சீரற்ற இதயத்துடிப்பு, பக்கவாதம் ஆகியவற்றுடன் இந்நோய்க்குத் தொடர்பு உண்டு. பல மாத்திரைகள் எடுத்தும் அழுத்தம் குறையாதவரிடம் குறட்டையைப் பற்றிக் கேட்பது நல்லது. பகலில் கண் சொக்குவது மற்றோர் ஆபத்து. செஞ்சி வழியே திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் இரவு லாரி ஓட்டுபவருக்கு ஒரு நொடி அயர்வே போதும். குழந்தைகளிடம் டான்சில், அடினாய்டு வீக்கத்தால் இது வருகிறது. வகுப்பில் கவனமின்மையாகத் தெரிவதால் சோம்பேறி என்ற பெயரும் கிடைத்துவிடும்.

பருமனும் தடித்த கழுத்தும் முக்கியக் காரணங்கள். எனினும், தாடை சிறுத்த ஒல்லியானவர்களுக்கும் வரும். மதுவும் தூக்க மாத்திரையும் தசைகளை மேலும் தளர்த்தும்.

எடை குறைத்தலும் ஒருக்களித்துப் படுத்தலும் பலருக்கு உதவும். கடுமையானால், 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி, முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிறது. பனமலை, செஞ்சிப் பகுதியினர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகலாம். குறட்டையைக் கைப்பேசியில் பதிவு செய்து எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.