முதலாளிமாரும் தனித் துப்பறிவோரும்

ஒரு வாணிக நிலையத்தின் பணப்பெட்டிக் கணக்கு மாதந்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்து வருகிறது. கிடங்கில் இருக்க வேண்டிய சரக்கு இருப்பதில்லை. நோய் விடுப்பில் சென்ற ஊழியர் வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று யாரோ வந்து சொல்கிறார்கள். போலீசாரிடம் முறையிடலாம் என்றால் கையில் ஆதாரம் எதுவுமில்லை. பேசாதிருந்தாலோ நட்டம் வளர்கிறது. இத்தகைய வேளையிற்றான் முதலாளிமார் தனித் துப்பறிவோரை நாடுகின்றனர். அவர்களை எங்ஙனம் தேர்ந்தமர்த்துவது, எதற்கு அமர்த்துவது, எதற்கு அமர்த்தலாகாது என்பவற்றைப் பலர் ஆராய்ந்து பார்ப்பதில்லை. பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்து, முன்பணம் கொடுத்து, "எப்படியாவது கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று சொல்லிவிட்டு வருவோரே மிகுதி. அந்த "எப்படியாவது" என்ற ஒரு சொல்லால் வந்த கேடுகள் பல.

இத்தொழில் வணிகரின் தேவையாலேயே பிறந்தது. பாரிஸ் நகரில் குற்றவாளியாகச் சிறையிலிருந்து, பின்னர் போலீஸ் துப்பறியும் படைக்கே தலைவராக உயர்ந்த விடோக் என்பவர், 1833-ஆம் ஆண்டில் வணிகர் நலனுக்கென்று ஒரு தகவல் நிலையம் திறந்தார். மோசடிக்காரர்களைப் பற்றி வியாபாரிகளுக்கு முன்னரே அறிவிப்பது அதன் முக்கிய வேலை. ஆயினும் இத்தொழிலை ஒரு பெரும் நிறுவனமாக வளர்த்தவர் ஆலன் பிங்கர்ட்டன் எனலாம்.

பிங்கர்ட்டன் 1819-இல் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். பீப்பாய் செய்யும் தொழிலாளி. இளமையில், தொழிலாளருக்கு வாக்குரிமை கோரிய சார்ட்டிஸ்டு இயக்கத்தில் ஈடுபட்டிருந்தார். 1842-இல் அமெரிக்காவிற்குக் குடியேறி, அங்கும் பீப்பாய் செய்துவந்தார். ஆற்றிடையிலுள்ள ஒரு தீவில் கள்ள நாணயம் அடிப்போர் கூட்டம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டுபிடித்ததே அவருடைய வாழ்வை மாற்றியது. 1850-ஐ ஒட்டிச் சிக்காகோ நகரில் துப்பறியும் நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். அவருக்கு முதலில் வாய்த்த பெரிய வாடிக்கையாளர்கள் இரயில்வே கம்பெனிகளாவர். நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள பாதையில் ஓடும் வண்டியில், கண்டக்டர் ரொக்கமாக வாங்கும் கட்டணம் முழுவதும் கம்பெனிக்கு வந்து சேர்கிறதா என்று முதலாளி எப்படி அறிவார்? பிங்கர்ட்டனின் ஆட்கள் சாதாரணப் பிரயாணிகள்போல் ஏறி அமர்ந்து, எத்தனை பேர் கட்டணம் கொடுத்தனர் என்று எண்ணி எழுதி வந்தனர். கணக்கு ஒத்திருந்தால் கண்டக்டர் நேர்மையானவர். ஒவ்வாவிடில் அவருக்குக் கேடு. இரயில்வே ஊழியர்கள் இதனை வெறுத்ததில் வியப்பில்லை.

ஒரு கொள்ளையும் ஒரு பெண்மணியும்

1856-ஆம் ஆண்டில் கேட் வார்ன் என்னும் இளம் விதவை பிங்கர்ட்டனின் அலுவலகத்திற்கு வந்தார். எழுத்து வேலை கேட்டு வந்திருப்பார் என்றே அவர் எண்ணினார். அந்த அம்மையாரோ துப்பறியும் வேலைதான் வேண்டுமென்றார். ஆண்கள் நுழைய முடியாத இடங்களில் பெண் நுழையலாம். குற்றவாளிகளின் மனைவியரிடம் நட்புக்கொண்டு இரகசியங்களை அறியலாம் என்று எடுத்துரைத்தார். பிங்கர்ட்டன் ஒருநாள் யோசித்து, அவரைச் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் இத்தொழிலில் இறங்கிய முதற் பெண்மணி இவரே என்பர். வேலைக்கு ஆளெடுப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. வந்தவரிடம் இருந்தது முன் அனுபவமன்று. இந்த வேலை எங்கே தடைப்படுகிறது என்பதைப் பற்றிய தெளிவு.

அவருடைய திறமை விரைவில் சோதனைக்கு வந்தது. ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் என்பது பணமும் பார்சலும் ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லும் கம்பெனி. அதன் அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகர அலுவலகத்தில் 1858-இல் 10,000 டாலரும், 1859-இன் தொடக்கத்தில் 40,000 டாலரும் காணாமற் போயின. அக்காலத்தில் இது பெருந்தொகை. அவ்வூர் நிருவாகியான நேதன் மரோனி மீது சந்தேகம் எழுந்தது. அவரோ ஊரில் செல்வாக்குள்ளவர். கைது செய்தபோது ஊரார் அவர் பக்கமே நின்றனர். கம்பெனி பிங்கர்ட்டனை அழைத்தது.

பிங்கர்ட்டன் மரோனியை மட்டுமன்றி அவர் மனைவியையும் பின்தொடரச் செய்தார். அந்த அம்மாள் பிலடெல்பியாவிற்கு அருகேயுள்ள ஒரு சிற்றூருக்குப் போனபோது, கேட் வார்னும் அவ்வூருக்குச் சென்று, கள்ளக் கையெழுத்திட்டுப் பொருள் சேர்த்த ஒருவரின் மனைவியாக நடித்து, அவளுக்கு உற்ற தோழியானார். நியூயார்க் நகரச் சிறையிலோ, மரோனியுடன் ஒரே இடத்தில் அடைபட்ட கைதியாக மற்றொரு துப்பறிவாளர் நடித்தார். விடுதலையாகி வெளியே போகும் இந்த நண்பர் பணத்தைச் செலவிட்டாவது தம்மை மீட்பார் என்று நம்பிய மரோனி, பணத்தை அவரிடம் கொடுக்கும்படி மனைவிக்குச் சொல்லியனுப்பினார். அவள் தயங்கினாள், தோழியிடம் யோசனை கேட்டாள், தோழி "கொடு" என்றாள். 40,000 டாலரில் 39,515 டாலர் திரும்பக் கிடைத்தது. தம் சிறை நண்பரே நீதிமன்றத்தில் சாட்சியாக வந்து நிற்பதைக் கண்ட மரோனி குற்றத்தை ஒப்புக்கொண்டார்; 10 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

இவ்விவரங்களிற் பெரும்பகுதி பிங்கர்ட்டனே 1874-இல் வெளியிட்ட நூலிலிருந்து தெரிய வருவது. தம் கடைச் சரக்கைத் தாமே புகழ்வோர் சொல்லுக்குரிய கழிவை வாசகர்கள் கழித்துக்கொள்ளலாம். எனினும் கம்பெனி கேட்ட கேள்வி என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். "பணத்தை எடுத்தவர் யார், பணம் எங்கே?" என்பதே அது. அக்கேள்விக்கு முடிவு உண்டு. விடை கிடைத்ததும் வேவும் நின்றுவிட்டது. பிங்கர்ட்டன் தம் நிலையத்திற்கு வகுத்திருந்த விதிகளும் இதற்கு ஏற்றவையே. வெற்றி பெற்றால் பரிசு என்ற பேச்சுக்கே அவர் இடங்கொடுப்பதில்லை. நாட்கூலியும் செலவுமே வாங்குவார். விவாகரத்து வழக்குகளைத் தொடமாட்டார். பரிசுக்கு வேலை செய்பவன், குற்றவாளி அகப்படாவிட்டால் குற்றவாளி ஒருவனை உண்டாக்கிவிடக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கேள்வி மாறியபோது

சில ஆண்டுகளில் கேள்வி மாறிவிட்டது. 1873-இல் பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கங்களும் இரயில் பாதையும் வைத்திருந்த கம்பெனியின் தலைவர் பிராங்க்ளின் கோவன், ஐரிஷ் சுரங்கத் தொழிலாளரிடையே வேவு பார்க்கும்படி பிங்கர்ட்டனை அமர்த்தினார். ஜேம்ஸ் மக்பார்லண்ட் என்ற துப்பறிவாளர் பொய்ப் பெயருடன் அவர்களோடு கலந்து ஈராண்டுக்கு மேல் வாழ்ந்தார். அங்கே கொலைகள் நடந்தன என்பது மெய். ஆயினும் துப்பறிவாளரை அமர்த்திய கோவனே நீதிமன்றத்தில் அரசு தரப்பில் வழக்காடவும் செய்தார். 1877 முதல் 1879 வரை 20 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஜான் கீகோ என்பவருக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1979-இல், பென்சில்வேனிய ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

1892 ஜூலையில் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் வேலைத் தகராறு எழுந்தபோது, 300 பிங்கர்ட்டன் ஆட்கள் படகுகளில் கொண்டுவரப்பட்டனர். ஆற்றங்கரையில் நடந்த மோதலில் இருதரப்பிலுமாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டனர். மறு ஆண்டே, இத்தகைய நிலையங்களின் ஆட்களை மத்திய அரசாங்கம் வேலைக்கு வைத்துக்கொள்ளலாகாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. ஆனால் அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்திற்று, முதலாளிமாரையன்று. 1936-இல் செனட் சபையின் லா பாலட் குழு விசாரிக்கத் தொடங்கியபோது உண்மைகள் வெளிவந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மட்டும் 1934 ஜனவரி முதல் 1936 ஜூலை வரை துப்பறியும் நிலையங்களுக்கு ஏறக்குறைய 10 இலட்சம் டாலர் கொடுத்திருந்தது. தொழிற்சங்கத்தில் யார் சேர்கிறார்கள், யார் என்ன பேசுகிறார்கள் என்று அறியவே அப்பணம் பெரும்பாலும் செலவாயிற்று. 1937-இல் பிங்கர்ட்டன் நிலையம் தொழிலாளரை வேவு பார்க்கும் வேலையையே கைவிட்டது. சார்ட்டிஸ்டாகத் தொடங்கியவரின் நிலையம் அங்கு வந்து நின்றது!

மரோனி வழக்குக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு கேள்வியில்தான் இருக்கிறது. "யார் அதிருப்தியாக இருக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு முடிவே கிடையாது. கலகம் உண்டு என்று எழுதும் வரையில்தான் வேவுகாரனுக்குச் சம்பளம். ஆகையால் கலகம் உண்டென்றே அவன் எழுதுவான்.

திருவள்ளுவர் "ஒற்றாடல்" என ஓர் அதிகாரமே வகுத்து, ஒற்றன் அறிந்துவர வேண்டியோருள் வினைசெய்வாரை முதலில் வைத்திருக்கிறாரே என்று சிலர் கேட்கக்கூடும். அஃது அரசனுக்குச் சொல்லியது. நாட்டுக் காவல் அவன் கடமை. கம்பெனி முதலாளி அரசனல்லர். ஆனால் ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக்கொண்டு சரிபார்க்கவேண்டும் என்று அவ்வதிகாரத்தில் உள்ள அறிவுரை எந்த முதலாளிக்கும் பொருந்தும். அறிவுரைகளுள் எளிதில் மறக்கப்படுவதும் அதுவே.

கேள்வி நியாயமானதாக இருந்தும் வழி தவறியதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் ஹியூலெட் பக்கார்டு கம்பெனியின் இயக்குநர் சபையில் பேசப்பட்டவை பத்திரிகைகளுக்குக் கசிந்தன. கசியவிட்டவர் யார் என்று கண்டறிய 2005, 2006 ஆண்டுகளில் விசாரணை நடத்தப்பட்டது. கம்பெனி ஒரு நிலையத்தை அமர்த்தியது. அந்நிலையம் மற்றொன்றிடம் வேலையை ஒப்படைத்தது. அதுவும் வேறொருவரிடம் விட்டது. கடைசியில் இருந்தவர்கள், இயக்குநர்களும் பத்திரிகையாளர்களும் தாமே என்று தொலைபேசிக் கம்பெனிகளிடம் பொய்யுரைத்து, அவர்களுடைய அழைப்புப் பட்டியல்களைப் பெற்றுவிட்டனர். செய்தி வெளிவந்ததும் சபைத் தலைவி பதவி விலக நேர்ந்தது. 2006 டிசம்பரில் 1 கோடியே 45 இலட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி கலிபோர்னியா மாநிலத்துடன் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. பிரான்சிலோ, வேலைக்கு மனுச் செய்தவர்களையும் ஊழியர்களையும் பற்றிப் போலீஸ் பதிவுகளிலிருந்து இரகசியமாகத் தகவல் திரட்டியதற்காக, ஐக்கியா தளபாடக் கம்பெனியின் கிளைக்கு 2021-இல் வெர்சாய் நீதிமன்றம் 10 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. முன்னாள் தலைவருக்கு நிறுத்திவைத்த சிறைத் தண்டனையும் கிடைத்தது. துப்பறிவாளர் செய்தது எமக்குத் தெரியாது என்பது காப்பாக உதவவில்லை.

இங்கே அமர்த்தும் முறை

மலேசியாவில் பிறருக்காக ஒருவருடைய நடத்தையைப் பற்றித் தகவல் திரட்டும் தொழிலை 1971-ஆம் ஆண்டின் தனியார் ஏஜென்சிச் சட்டம் ஆள்கிறது. உள்துறை அமைச்சின் லைசென்சு வேண்டும். சிங்கப்பூரில் 1973-இலிருந்த சட்டத்திற்குப் பதிலாக 2007-இல் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டம் வந்தது. நிலையத்திற்கும் லைசென்சு வேண்டும், அதில் வேலை செய்யும் துப்பறிவாளருக்கும் வேண்டும். வழங்குவது போலீஸ் படையின் லைசென்சுப் பிரிவு. முதலாளி செய்யவேண்டிய முதல் வேலை அந்த லைசென்சைக் கேட்டுப் பார்ப்பது. லைசென்சு பெற்றவருக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் வந்துவிடுவதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அவர் ஒருவரைச் சோதனையிட முடியாது. வீட்டினுள் நுழைய முடியாது. வங்கிக் கணக்கைக் காண முடியாது. "வங்கிக் கணக்கு விவரம் வாங்கித் தருகிறேன்" என்று எவராவது சொன்னால், அவரிடம் விடைபெற்று எழுந்துவிடுவது நல்லது.

அடுத்தது ஒப்பந்தம். அதில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். "இன்ன கிடங்கிலிருந்து இன்ன தேதிகளுக்கிடையே சரக்கு எவ்வாறு வெளியேறிற்று" என்பது கேள்வி. "இன்ன ஊழியர் எப்படிப்பட்டவர்" என்பது கேள்வியன்று. எத்தனை நாள், நாளொன்றுக்கு என்ன ஊதியம், செலவின் உச்சவரம்பு என்ன என்பன எழுத்தில் வேண்டும். வேலையை வேறொருவரிடம் விடுவதற்கு முதலாளியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்ற விதியை ஹியூலெட் பக்கார்டு கதையை அறிந்த எவரும் மறவார். எவ்வகை வழிகளைக் கையாளலாம் என்பதையும் குறிப்பிடவேண்டும். பொது இடத்தில் பார்ப்பதும் படமெடுப்பதும் ஒன்று. இடைவிடாது பின்தொடர்ந்து ஒருவரை அச்சுறுத்துவது வேறு. சிங்கப்பூரில் 2014-ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டம் பின்னதைக் குற்றமாக்குகிறது. பிறர் கணினியிலோ மின்னஞ்சலிலோ அனுமதியின்றி நுழைவது 1993-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் விசாரணைக்கெனச் சில விலக்குகள் தந்தாலும், அவை ஓர் உண்மையான விசாரணைக்கேயன்றி வெறும் ஆவலுக்கல்ல.

துப்பறிவாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, "இதற்கு முன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருக்கிறீரா?" என்று கேட்பது மிகவும் பயனுள்ள கேள்வி. குறுக்கு விசாரணையில் நின்று பழகியவர் தேதியும் நேரமும் குறித்து எழுதுவார். கண்டதையும் ஊகித்ததையும் கலக்கமாட்டார்.

அறிக்கை கைக்கு வந்த பின்னரும் முதலாளியின் பொறுப்பு தீர்வதில்லை. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமும், சிங்கப்பூரின் 1968-ஆம் ஆண்டு வேலைச் சட்டமும், ஒழுங்கீனத்திற்காக ஊழியரை நீக்குமுன் தக்க விசாரணை நடத்தவேண்டும் என்கின்றன. குற்றச்சாட்டு என்னவென்று ஊழியருக்குச் சொல்லி, அவர் பதிலைக் கேட்கவேண்டும். நோய் விடுப்பில் சந்தைக்குப் போனவர் மருந்து வாங்கப் போயிருக்கலாம். உறவினர் கடையில் நின்றவர் கூலி வாங்காமல் நின்றிருக்கலாம். தூரத்திலிருந்து எடுத்த படத்திற்கு அது தெரியாது.

பல விசாரணைகளின் முடிவில் ஒன்றும் அகப்படுவதில்லை. சரக்குக் குறைந்தது கணக்கெழுதிய தவறு என்றோ, சந்தேகிக்கப்பட்டவர் குற்றமற்றவர் என்றோ தெரியவருகிறது. அப்போது எடுத்த படங்களையும் குறிப்புகளையும் அழித்துவிடும்படி ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அத்தகைய அறிக்கைக்கும் துப்பறிவாளருக்கு முழு ஊதியம் உரியது. பிங்கர்ட்டன் நாட்கூலி வாங்கியது இதற்காகவே.