கடவுளின் பெயரில் ஓர் உப்பு! நவச்சாரத்தின் கதை தெரியுமா?

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சூடேறிய பாத்திரத்தில் வெள்ளைப் பொடியைத் தூவியதும் குப்பென்று புகை கிளம்புமே, அந்தப் பொடிதான் நவச்சாரம்! வேதியியலில் அம்மோனியம் குளோரைடு. ஐரோப்பிய உலோகத் தொழிலாளர்களுக்கு 'சால் அம்மோனியாக்'. இந்த ஒரு உப்புக்குள் எத்தனை அதிசயங்கள்!

● சூடு பட்டதும் இது அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என இரண்டு வாயுக்களாகப் பிரிகிறது. ஹைட்ரஜன் குளோரைடு உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை அகற்றிவிடும். அதனால்தான் உருகிய வெள்ளீயம் தேய்த்த மாத்திரத்தில் பளபளவென்று பிடித்துக்கொள்கிறது!

● 'சால் அம்மோனியாக்' என்றால் அம்மோனின் உப்பு. அம்மோன் யார் தெரியுமா? எகிப்தியர் வணங்கிய கடவுள்! பாலைவனத்தின் நடுவே, சீவா என்ற சோலையில் அவருக்குக் கோயில். கி.மு. 331-இல் அலெக்சாந்தரே அங்கே போய்க் குறி கேட்டார்!

● அந்தப் பகுதியில் கிடைத்த உப்புக்குத்தான் ரோமர்கள் இந்தப் பெயரைச் சொன்னார்கள். ஆனால் அது பெரும்பாலும் சாதாரணப் பாறையுப்புதான் என்கிறார்கள் அறிஞர்கள். பெயர் பிற்காலத்தில் நவச்சாரத்துக்கு மாறிவிட்டது!

● எகிப்தில் நவச்சாரம் எதிலிருந்து வந்தது தெரியுமா? ஒட்டகச் சாணம் எரிந்த புகைக்கரியிலிருந்து! கரியைக் கண்ணாடிக் குடுவையில் இட்டுச் சூடாக்குவார்கள். நவச்சாரம் ஆவியாக எழும்பி, மேலே வெள்ளைக் கட்டியாகப் படியும். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா இதைக் கப்பல் கப்பலாக வாங்கியது!

● நவீன நிலவியலின் தந்தை ஜேம்ஸ் ஹட்டனுக்கும் இதில் பங்குண்டு! எடின்பரோ நகரத்துப் புகைக்கரியிலிருந்து நவச்சாரம் தயாரிக்கும் தொழிலில் கூட்டாளியாக இருந்தார். அந்த வருமானமும் பாறைகளை நிம்மதியாக ஆராய அவருக்குக் கைகொடுத்தது!

● 1782-இல் சுவீடன் வேதியியலாளர் தோர்பெர்ன் பெரிமான், நவச்சாரத்திலிருந்து வரும் காரநெடி வாயுவுக்கு 'அம்மோனியா' என்று பெயர் வைத்தார். கடவுள் பெயர் வாயுவுக்கும் போய்ச் சேர்ந்தது!

● நம் அரியலூர் மண்ணிலும் அம்மோன் இருக்கிறார்! அவரை ஆட்டுக்கடாக் கொம்புகளோடு சித்திரிப்பார்கள். அந்தக் கொம்பு போலவே சுருண்ட கடலுயிர்ப் புதைபடிவங்களுக்கு 'அம்மோனைட்' என்று பெயர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலாக இருந்ததற்குச் சாட்சி அவைதான்!

● எல்லாவற்றுக்கும் மேலாக, வயலுக்கு நாம் இடும் யூரியாவும் அம்மோனியாவிலிருந்தே தயாராகிறது. பாலைவனக் கடவுளின் பெயர் தாங்கிய வாயுதான் இன்று உலகத்தில் கோடானுகோடி பேருக்குச் சோறு போடுகிறது!